ஆம்ப்ஸ் முள்ளிலிருந்து ஆரம்பியுங்கள்: பாயிண்ட் வைத்த பழைய புல்லட்டில் கரண்ட் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

பழைய புல்லட்டைக் கைமாற்றாக வாங்கியவருக்கு முதல் மழைக்காலம் முடிவதற்குள் இது நடந்துவிடும். சாவியைத் திருப்பினால் எதுவுமே எரியாது. இல்லையென்றால் எல்லா லைட்டும் எரியும், ஹாரனும் அடிக்கும், வண்டி மட்டும் எடுக்காது. ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனால் முதலில் பேட்டரி மாறும், பிறகு காயில் மாறும், பிறகு பிளக் மாறும். மூன்றுக்கும் பணம் கொடுத்த பிறகு, ஹெட்லைட் கூட்டுக்குள் பாதி அறுந்து தொங்கிய ஒரு வயர்தான் காரணம் என்று தெரியவரும். பழைய வண்டியில் பாகங்கள் சாவது குறைவு, இணைப்புகள் சாவதுதான் அதிகம். அதனால் எதையும் கழற்றி மாற்றுவதற்கு முன்னால், பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் எதுவரை வருகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று பின்தொடர்ந்து போகப் பழக வேண்டும். வேலை அவ்வளவுதான்.

1955 முதல் சென்னை திருவொற்றியூரில் உருவான புல்லட்களில், வார்ப்பிரும்பு என்ஜினும் பாயிண்டும் கொண்ட 12 வோல்ட் வண்டிகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பாயிண்ட் என்பது காயில் வழியாக ஓடும் கரண்டைத் திறந்து மூடிப் பொறி வரவைக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச். நம் ஊர் மெக்கானிக்குகள் பிளாட்டினம் என்று சொல்வதும் இதே பாயிண்டைத்தான். பிற்பாடு வந்த எலக்ட்ரா மாடலிலும், என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் யூ.சி.இ. என்ஜின் வண்டிகளிலும் பாயிண்ட் கிடையாது. அங்கே இக்னிஷன் பகுதி பொருந்தாது. பேட்டரி, எர்த், சார்ஜிங் பற்றிச் சொல்பவை பொருந்தும். 6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் நான் சொல்லும் வோல்ட் கணக்குகளைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். மிகப் பழைய வண்டிகளில் பேட்டரியின் பிளஸ் முனையை எர்த் செய்திருப்பதும், அதாவது ஃபிரேமோடு சேர்த்திருப்பதும் உண்டு. அதனால் எதைத் தொடுவதற்கு முன்பும் ஃபிரேமுக்குப் போகும் வயர் எந்த முனையிலிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். பழைய கார்புரேட்டர் ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிகளில் பேட்டரி செத்துப்போனாலும் கிக் அடித்தால் என்ஜின் எடுத்துவிடும். பாயிண்ட் புல்லட்டில் பிளக்குக்குப் போகும் தீப்பொறியே பேட்டரியிலிருந்துதான் பிறக்கிறது. பேட்டரி படுத்தால் வண்டியும் படுத்துவிடும். ஸ்ப்ளெண்டர் ஓட்டிப் பழகிய கை இதை மறந்துவிடுகிறது.

கையில் என்ன வேண்டும்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. கூடவே ஒரு டெஸ்ட் லேம்ப்: 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றை ஹோல்டரில் போட்டு, இரண்டு வயர் இழுத்து, முனைகளில் முதலைக் கிளிப் மாட்டுங்கள். கிளிப் வைத்த தனி வயர் இரண்டு, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், நைசான உப்புத்தாள், பிளக் ஸ்பேனர், சரியான ஆம்பியரில் இரண்டு மூன்று ஃபியூஸ். இவை இருந்தால் வேலை நடக்கும்.

மீட்டர் இருக்கும்போது லேம்ப் எதற்கு என்று கேட்பார்கள். மீட்டர் கரண்டை இழுக்காது. உள்ளே அறுந்து, துருவேறித் தொட்டும் தொடாமலும் நிற்கும் வயரிலும் அது 12.5 வோல்ட் என்று காட்டி உங்களை ஏமாற்றும். காலி வாளி ஒற்றை நூலிலும் தொங்கும், தண்ணீர் நிறைத்தால்தான் நூலின் பலம் தெரியும். அந்தத் தண்ணீர்தான் 21 வாட் பல்பு. அதே வயரில் பல்பை மாட்டினால் மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. நம்பிக்கையோடு சொல்கிறேன், புதிதாக ஆரம்பிப்பவருக்கு மீட்டரைவிட இந்த லேம்ப்தான் அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

முதலில் முள்ளைப் படியுங்கள்

புல்லட்டின் ஹெட்லைட் கூட்டின் மேல் ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆம்ப்ஸ் மீட்டர் இருக்கிறது. ‘ஆம்ப்ஸ் பார்த்து கிக் அடி’ என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். கிக் அடிக்க மட்டுமில்லை, கோளாறு பார்க்கவும் இதைவிட நல்ல கருவி வண்டியில் வேறு கிடையாது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் வழியாக மூன்று நான்கு ஆம்பியர் ஓடும், முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் அந்த ஓட்டம் நின்று முள் நடுவுக்கு வரும்.

முதலில் முள் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சாவியைப் போட்டு பிரேக்கை மிதித்தால், பின் பிரேக் லைட் எரியும்போது முள் மைனஸ் பக்கம் கொஞ்சம் நகர வேண்டும். லைட் எரிந்தும் முள் அசையவில்லை என்றால் மீட்டர் கெட்டிருக்கிறது, அல்லது யாரோ முன்பே அதை பைபாஸ் செய்துவிட்டார்கள். கைமாறிய வண்டிகளில் இது சகஜம். அப்படியானால் மீட்டரின் வேலையை மல்டிமீட்டரை வைத்துச் செய்ய வேண்டியதுதான்.

முள் வேலை செய்கிறது என்றால், சாவியைப் போட்டு, வேறு லைட் எதுவும் போடாமல், என்ஜினுக்குள் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷர் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக, கையால்கூட, அமுக்குங்கள். என்ஜின் இரண்டு சுற்று சுற்றட்டும். நான்கில் ஒன்று நடக்கும்.

முள் மைனஸுக்கும் நடுவுக்கும் ஒழுங்காகப் போய் வருகிறது என்றால் பேட்டரியிலிருந்து பாயிண்ட் வரை பாதை முழுசாக இருக்கிறது. அப்படியும் தீப்பொறி இல்லையென்றால் பாயிண்ட் முகத்தில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டென்சர், காயிலின் உள்சுற்று, பிளக் வயர், பிளக் கேப், பிளக் இவற்றை மட்டும் பார்த்தால் போதும். பேட்டரி மாற்ற ஓட வேண்டாம்.

முள் நடுவிலேயே செத்துக்கிடக்கிறது என்றால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. பேட்டரி முனை, ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், காயிலுக்கு வரும் வயர், அழுக்கேறி மூடியும் மூடாமலும் நிற்கும் பாயிண்ட், எதுவும் இருக்கலாம்.

முள் மைனஸ் பக்கமே நிற்கிறது, நடுவுக்கு வரவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை. அல்லது காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் வயரோ கண்டென்சரோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சமீபத்தில் பாயிண்ட் மாற்றிய வண்டி என்றால், பாயிண்ட் ஸ்க்ரூவில் வரும் சின்ன ஃபைபர் வாஷரை மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான்.

முள் கோடிவரை அடித்துக்கொண்டு நிற்கிறது என்றால் பெரிய ஷார்ட். உடனே சாவியை அணையுங்கள், பேட்டரி வயரைக் கழற்றுங்கள், அப்புறம் யோசிக்கலாம்.

பேட்டரி

பேட்டரியைக் கழற்றும்போது எர்த் முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் ஒருமுறை ஃபிரேமில் பட்டாலே தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

வண்டி ஓடி நின்று சில மணி நேரமான பிறகு அளந்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி சார்ஜ் இருக்கிறது. 12 என்றால் கிட்டத்தட்டக் காலி. இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மீட்டரை பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு, டெஸ்ட் லேம்பையும் அதன் இரண்டு முனைகளில் மாட்டி ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். நல்ல பேட்டரியில் வோல்ட் கொஞ்சம் இறங்கி அங்கேயே நிற்கும். செல் செத்த பேட்டரியில் கண்ணெதிரே 11, 10 என்று சரியும். அப்படிச் சரிந்தால் சார்ஜ் போட்டு மறுபடி பாருங்கள். சார்ஜ் போட்டும் சரிந்தால் அந்த பேட்டரியிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். மூடித் துவாரம் வழியாக அந்தத் தண்ணீர் செல்லுக்குள் இறங்கிவிடக் கூடாது. துடைத்துக் காயவைத்து, வயரை இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ வேண்டாம்.

ஃபியூஸ்

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லிவிட முடியாது. கம்பி முழுசாகத் தெரியும், ஓரத்தில் விட்டுப்போயிருக்கும். மீட்டரை ஓம் அல்லது பீப் நிலையில் வைத்துப் பாருங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தும் அது உட்காரும் கிளிப் துருப்பிடித்திருந்தால் பலன் ஒன்றுதான். கிளிப்பை உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் நெருக்கி விடுங்கள்.

புதிதாகப் போட்ட ஃபியூஸும் போய்விட்டால் இன்னொன்று போடுவதால் பயனில்லை. ஆம்பியர் கூடிய ஃபியூஸ் போடுவதும் சிகரெட் ஃபாயில் சுற்றுவதும் வயரிங் முழுவதையும் எரிப்பதற்கான வழி. ஃபியூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டெஸ்ட் லேம்பை மாட்டுங்கள். காயிலுக்கு வரும் வயரை மட்டும் முதலில் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பாயிண்ட் மூடியிருக்கும்போது அதன் வழியாகவும் லேம்ப் எரிந்து குழப்பும். எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்க, சாவியைப் போடுங்கள். லேம்ப் பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. இப்போது பின் லைட் வயர், ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் ஸ்விட்ச் என்று ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றும்போது லேம்ப் அணைகிறதோ, ஷார்ட் அந்தக் கிளையில்தான். ஃபியூஸ் ஒன்றுகூட வீணாகாமல் இடம் தெரிந்துவிடும். பின் மட்கார்டுக்கு அடியில் டயர் உரசித் தோல் போன வயரும், டேங்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் நசுங்கிய வயரும் நான் அதிகம் சந்தேகப்படும் இடங்கள். மாதக்கணக்கில் நிறுத்திய வண்டி என்றால் எலியையும் மறக்கக் கூடாது. சீட்டுக்கு அடியில் கூடு கட்டி, பக்கத்திலிருக்கும் வயரையெல்லாம் கடித்து வைத்திருக்கும்.

எர்த்: பாதிக் கதை இங்கேதான்

புதிதாக வருபவர்கள் பிளஸ் வயரையே தடவிக்கொண்டிருப்பார்கள். கரண்ட் போனால் மட்டும் போதாது, பேட்டரிக்குத் திரும்பி வரவும் பாதை வேண்டும். புல்லட்டில் அந்தப் பாதை ஃபிரேமும் என்ஜினும்தான். அதில் துரு, பெயின்ட், கிரீஸ் எது குறுக்கே நின்றாலும் விசித்திரமான கோளாறுகள் வரும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவது, இண்டிகேட்டர் போட்டால் பின் லைட்டும் கூடவே துடிப்பது, ஹாரன் அடித்தால் எல்லாம் மங்குவது, இவையெல்லாம் எர்த் சரியில்லை என்பதற்கான அடையாளங்கள். ஒரு லைட்டுக்குத் திரும்பும் வழி அடைபட்டால் கரண்ட் இன்னொரு பல்பின் வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பும்.

இப்படிச் சோதியுங்கள். பிரேக் லைட் எரியட்டும். சாவியைப் போட்டு பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில், மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கொம்பிலும் மற்றதை என்ஜினின் பெயின்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5, 1 என்று காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ அடைப்பு. அதே மாதிரி பின் லைட் ஹோல்டரின் உலோகத்திலும், ஹெட்லைட் கூட்டிலும் வைத்துப் பாருங்கள். அந்தந்த லைட் எரிந்துகொண்டிருக்கும்போது அளப்பது முக்கியம். ஓட்டம் இல்லாவிட்டால் மோசமான எர்த்தும் நல்ல பிள்ளையாக 0 காட்டும்.

புதிதாக பெயின்ட் அடித்து ரீஸ்டோர் செய்த வண்டியில் திடீரென்று ஒன்றும் வேலை செய்யவில்லை என்றால், அநேகமாக பவுடர் கோட்டிங்தான் காரணம். எர்த் போல்ட் உட்காரும் இடத்திலும் பெயின்ட் ஏறியிருக்கும். அந்த இடத்தை மட்டும் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்குங்கள். ஹெட்லைட் கூட்டுக்கு எர்த் ஸ்டீயரிங் கோலிகள் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. கிரீஸ் நிறைந்த கோலி எந்தக் காலத்திலும் நம்பத்தகுந்த எர்த் கிடையாது. கூட்டுக்குள்ளிருந்து ஒரு தனி கறுப்பு வயரை இழுத்து பேட்டரி மைனஸோடு சேர்த்துவிடுங்கள். பின் லைட்டுக்கும் அப்படியே. இந்த இரண்டு வயர் போட்டதும் பாதி வண்டிகளின் லைட் கோளாறு போய்விடுகிறது.

சாவி ஸ்விட்சும் ஸ்டீயரிங் கழுத்தும்

ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு திருப்பத்தில் அணையும், மறுபடி தானாகவே எடுக்கும். இப்படிப்பட்ட வண்டியில் சாவியைப் போட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டே ஹேண்டிலை முழுக்க இடமும் வலமும் திருப்புங்கள். முள் துடித்தால் கழுத்துப் பகுதியில் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. மேல் தோல் நன்றாகவே இருக்கும், விரலால் வளைத்துப் பார்த்தால் ஒரு இடம் மட்டும் துவண்டு விழும். அடுத்து சாவியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். அதில் முள் துடித்தால் ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது. கனமான சாவிக்கொத்தைத் தொங்கவிட்டு ஓட்டிய வண்டிகளில் இது சீக்கிரம் வரும்.

சந்தேகமே இல்லாமல் முடிவு காண ஒரு வழி உண்டு. காயிலில் இரண்டு சின்ன முனைகள் இருக்கும். பழைய காயில்களில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்றும் மற்றவற்றில் பிளஸ், மைனஸ் என்றும் எழுதியிருக்கும். எஸ்.டபிள்யூ. முனை ஸ்விட்சிலிருந்து வருவது, சி.பி. முனை பாயிண்டுக்குப் போவது. எஸ்.டபிள்யூ. முனையில் இருக்கும் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பிளஸிலிருந்து கிளிப் வயர் ஒன்றை நேராக அங்கே கொடுங்கள். நடுவில் ஃபியூஸ் ஒன்று போட்டுக்கொண்டால் நல்லது. இப்போது வண்டி எடுத்தால் காயிலும் பாயிண்டும் நல்லவை, கோளாறு ஃபியூஸிலோ சாவியிலோ கூட்டுக்குள் இருக்கும் வயரிலோதான். சாவியை அணைத்தாலும் வண்டி நிற்காது, கிளிப்பைப் பிடுங்கினால்தான் நிற்கும். என்ஜின் ஓடாத நேரத்தில் இந்த வயரை மாட்டியே விடாதீர்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயிலில் சுமார் 40 வாட் சூடாகிக்கொண்டே இருக்கும். சாவியைப் போட்டுவிட்டு அணைக்க மறந்தாலும் கதை இதுதான், காயிலும் போகும் பேட்டரியும் போகும்.

கூட்டுக்குள் கை விடுவதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். ஆம்ப்ஸ் மீட்டருக்கு வரும் வயரில் சாவி அணைந்திருந்தாலும் கரண்ட் இருக்கும்.

பாயிண்ட், கண்டென்சர், தீப்பொறி

பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உலோக உடல் என்ஜின் ஃபின்னில் படும்படி வையுங்கள். பிளக் துவாரத்திலிருந்து தள்ளியே இருக்கட்டும். அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பாயிண்ட் மூடியைத் திறந்து, சாவியைப் போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும் நிலைக்கு என்ஜினைக் கொண்டுவாருங்கள். காய்ந்த மரக்குச்சியால் பாயிண்டைச் சட்டென்று திறந்தால் பிளக்கில் நீலமாக, ‘டிக்’ என்ற சத்தத்தோடு பொறி விழ வேண்டும். கிக் அடிக்காமலே எத்தனை தடவை வேண்டுமானாலும் இப்படிச் சோதிக்கலாம். பிளக் வயரை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

பொறி இல்லை என்றால் சி.பி. முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் வோல்ட் பாருங்கள். பாயிண்ட் திறந்திருக்கும்போது பேட்டரி வோல்ட் அப்படியே வர வேண்டும். வரவில்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்ட் வயர் எர்த் ஆகிறது. அந்த வயரைக் கழற்றி மறுபடி பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். பாயிண்ட் மூடியதும் வோல்ட் 0-க்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று தங்கினால் பாயிண்ட் முகம் அழுக்கு. நைசான உப்புத்தாளை இரண்டு முகத்துக்கும் நடுவில் வைத்து ஒன்றிரண்டு முறை இழுங்கள், பிறகு சுத்தமான விசிட்டிங் கார்டு ஒன்றை அதே மாதிரி இழுத்துத் தூளை எடுத்துவிடுங்கள். பாயிண்ட் முழுசாகத் திறந்திருக்கும் இடத்தில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயிண்டைத் தள்ளித் திறக்கும் கேம் மேல் கிரீஸைக் கொஞ்சம், நிஜமாகவே கொஞ்சம், தடவுங்கள். அதிகமானால் அது தெறித்து பாயிண்டுக்கே வந்து சேரும்.

கண்டென்சர் ஒரு தந்திரக்காரன். அது கெட்டால் பொறி முழுதாகப் போகாமல் மங்கலாக, மஞ்சளாக விழும். வண்டி எடுத்தாலும் சைலன்சரில் படபடவென்று வெடிக்கும். குச்சியால் பாயிண்டைத் திறக்கும்போது பாயிண்ட் முகத்திலேயே பெரிய வெளிச்சமாகப் பொறி பறந்தால் கண்டென்சர்தான். ஆறின என்ஜினில் நன்றாக இருந்து, சூடானதும் மக்கர் பண்ணும் வண்டிகளிலும் சந்தேகம் அதன் மேலேயே போகட்டும். மீட்டரில் அளந்து திருப்திப்படுவதைவிட நல்லதொன்று வாங்கி மாற்றிப் பார்ப்பது எளிது. விலை குறைவு. ஆனால் போலிச் சரக்கும் நிறைய, டப்பாவைத் திறக்கும்போதே செத்துக்கிடக்கும் கண்டென்சர்களும் வருகின்றன. ‘புதுசு, அதனால் நல்லதுதான்’ என்று அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

காயிலின் இரண்டு சின்ன முனைகளுக்கும் நடுவில் 12 வோல்ட் காயில் சுமார் 3 முதல் 4 ஓம் காட்டும். பிளக் வயர் பக்கம் சில ஆயிரம் ஓம். எண் சரியாக இருந்தும் சூட்டில் மட்டும் செத்துப்போகும் காயில்கள் உண்டு. பிளக் கேப்பைக் கழற்றி வயரை நேராக என்ஜினுக்கு 5 மில்லிமீட்டர் தூரத்தில், காய்ந்த குச்சியில் கட்டி வைத்துப் பாருங்கள். அங்கே பொறி பாய்ந்து பிளக்கில் பாயவில்லை என்றால் கேப்போ பிளக்கோ போயிருக்கிறது. மழையில் நனைந்ததும் நிற்கும் வண்டியில் முதல் குற்றவாளி கேப்.

சார்ஜ் ஏறவில்லை, அல்லது ஒரே ராத்திரியில் இறங்குகிறது

வண்டி எடுக்கிறது, நாலு நாளில் பேட்டரி காலியாகிறது. என்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 12.5-லேயே நின்றால் சார்ஜ் இல்லை. 15-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும், பல்புகள் ஒவ்வொன்றாக ஃபியூஸ் ஆகும்.

சார்ஜ் இல்லையென்றால் இடதுபக்க செயின் கேஸிலிருந்து வெளியே வரும் வயர்களின் இணைப்பை முதலில் பாருங்கள், அவை கரண்ட் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டரின் வயர்கள். சூட்டில் கருகி, ஆயில் ஊறிய கனெக்டர்களைச் சுத்தம் செய்ததோடு பிரச்சினை தீர்ந்த வண்டிகள் ஏராளம். தீரவில்லை என்றால் அந்த வயர்களைக் கழற்றி, மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, என்ஜின் வேகம் ஏற ஏற வோல்ட்டும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது, ரெகுலேட்டரைத்தான் மாற்ற வேண்டும். ஏறவில்லை என்றால் உள்ளே சுற்று போயிருக்கிறது, செயின் கேஸைத் திறக்க வேண்டிய வேலை. இதைப் புதியவர் தனியாகச் செய்ய வேண்டாம் என்பேன். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ரெகுலேட்டரைக் கொல்ல அது ஒன்றே போதும்.

நிறுத்தி வைத்தே இறங்குகிறது என்றால் சாவியை அணைத்து, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துவாரத்துக்கு மாற்றி, கொம்புக்கும் வயருக்கும் நடுவில் மாட்டுங்கள். பழைய புல்லட்டில் கடிகாரமோ அலாரமோ கிடையாது, கிட்டத்தட்ட 0 காட்ட வேண்டும். ஏதாவது ஓட்டம் தெரிந்தால் ரெகுலேட்டர் இணைப்பைப் பிடுங்குங்கள். அதோடு நின்றால் உள்ளிருக்கும் டயோடு கசிகிறது. வேலை முடிந்ததும் மீட்டர் வயரை வோல்ட் துவாரத்துக்குத் திருப்பி வைக்க மறக்காதீர்கள். ஆம்பியர் துவாரத்தில் இருக்கும்போது பேட்டரி வோல்ட் பார்க்கப் போனால் அது நேரடி ஷார்ட்.

சில மாடல்களில் ஹெட்லைட் மட்டும் பேட்டரியைத் தொடாமல் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக ஏ.சி.யில் எரியும். என்ஜின் வேகத்துக்கேற்ப லைட் கூடிக் குறைந்தால் அதைக் கோளாறு என்று நினைத்துப் பேட்டரியைக் கிளறாதீர்கள்.

ஒட்டு போடுவது

கண்டுபிடித்த இடத்தைச் சரிசெய்யும்போது வயரை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். நம் வெயிலில் இரண்டு கோடைக்குள் டேப் பசையாகி வழிந்துவிடும். ஈயம் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள். வீட்டு வயரிங்குக்கு வரும் ஒற்றைக் கம்பி வேண்டாம், அதிர்வில் முறிந்துவிடும். பல இழை கொண்ட ஆட்டோ வயர் கேட்டு வாங்குங்கள். கடலோர ஊர் வண்டிகளில் வயரின் தோலை உரித்தால் செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருக்கும், அதில் ஈயம் பிடிக்காது. பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும்.

வெட்ட வெட்டக் கறுப்பாகவே வந்தால், அல்லது வளைத்த இடத்தில் தோல் அப்பளமாக நொறுங்கினால் ஒட்டு வேலையை நிறுத்திவிட்டு முழு வயரிங் செட்டாக வாங்கிவிடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் ஜி.பி. ரோட்டில் புதியது தேடலாம். பழைய ஸ்விட்ச், ஹோல்டர், கூட்டு மாதிரிச் சாமான்களுக்குப் புதுப்பேட்டை. கடைக்குப் போகும்போது வண்டி எந்த வருடம், 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, பாயிண்டா எலக்ட்ரானிக்கா, ஆல்டர்னேட்டரிலிருந்து எத்தனை வயர் வருகிறது என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், முடிந்தால் பழைய செட்டையே கையில் கொண்டுபோங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பையும் போனில் படம் பிடித்து, காகித டேப்பில் எண் எழுதி ஒட்டிவிடுங்கள். முந்தைய கைகள் நிறத்தை மாற்றி மாற்றி ஒட்டுப் போட்டிருக்கும் வண்டியில் வயர் நிறத்தை நம்பி மாட்ட முடியாது. புது செட் போட்ட பிறகு பேட்டரியை நேராக இணைக்காமல், முதலில் ஃபியூஸ் இடத்தில் அந்த டெஸ்ட் லேம்பை மாட்டிச் சாவியைப் போட்டுப் பாருங்கள். லேம்ப் முழு வெளிச்சத்தில் எரியாவிட்டால் ஃபியூஸைப் போடலாம்.